முத்திரை தாங்கிய படலம்

எடுத்த செயல் இனிது முடியும்பொருட்டு இடையூறுகளின் தலைவனை முதற்கண் வணங்கிவிடுவது நூல் செய்வோர் மரபு. இந்தக் கதையிலும் இடையூறுகளுக்குத் தலைவர் ஒருவர் உண்டு. மருத்துவப்பொருள் மேற்பரப்புச் சான்றாயம் என்னும் அரசு அலுவலகத்தின் தலைவர் அவர். நான்காம் மாடியில் வீற்றிருப்பவர். செவ்வாய், வியாழன் ஆகிய இரு நாளும் முற்பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை மட்டும் அடியார்க்குக் காட்சி தருபவர். மின்தூக்கி மூன்றாம் மாடியோடு நின்றுவிடுவதால், எஞ்சிய ஒரு மாடியை ஏறிக் கடப்பவர்க்கே அக்காட்சி வாய்க்கும். அவரை வணங்கித் தொடங்குவோம்.

அவர் சந்நிதியில் இரண்டு மாதத்துக்கும் மேலாகத் தவம் கிடந்தவரை ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் படலக்காரர் என்றே அழைத்தார்கள். காப்பியத்துக்குப் படலம் வகுத்தவர் என்று கொள்ள வேண்டா. உடம்பில் வைத்தால் தன் வேலை முடிந்ததும் தானே கரைந்து மறையும் நெகிழியை, வெங்காயத் தோலினும் மெல்லிதாக வார்ப்பது அவர் தொழில். புண்ணின்மேல் அந்தப் படலத்தைப் போர்த்தினால், அதன்மேல் புதுத்தோல் பாய் விரித்தாற்போல் படரும். படர்ந்து முடிந்ததும் படலம் விடைபெற்றுக்கொள்ளும். நன்றியை எதிர்பாராத நண்பர் அப்படித்தான் இருப்பார்.

நற்குணம் பல இருந்தும் அதற்கு ஒரு குறை இருந்தது. நீரைக் கண்டால் அதற்கு ஆகாது. ஒரு சொட்டு விட்டால் தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு நிற்கும். நீரை ஏற்காத இடத்தில் உடம்பின் உயிரணுவும் அமராது. வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே படலத்தின் உள்ளே ஒன்றையும் தொடாமல் அதன் மேற்பரப்பை மட்டும் மாற்றியாக வேண்டும். படலக்காரர் அதனை ஓர் எஃகுப் பெட்டிக்குள் இட்டுக் காற்றை உறிஞ்சி எடுப்பார். ஆக்சிஜனைச் சிறிதளவு விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். பெட்டியின் கண்ணாடிச் சாளரத்தில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒளி இரண்டு நிமிடம் சுடரும். பிறகு வெளியே எடுத்துச் சொட்டு விட்டால் நீர் உருளாது. பிரிந்த உறவைக் கண்டாற்போல் கைவிரித்துப் படரும். அந்த அன்பு ஒன்பது நாள் நிற்கும். பத்தாம் நாள் படலம் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும்.

"புது மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை மாதிரின்னு சொல்லுங்க மச்சான்" என்றார் இதைக் கேட்ட தையற்காரர். "எனக்கும் உங்க வீட்டுல ஒன்பது நாள்தான் நடந்துச்சு."

தையற்காரர், படலக்காரருடைய தங்கையின் கணவர். ஏழு மாதமாக அவருடைய வலது உள்ளங்காலில் ஆறாத புண். சர்க்கரை நோய் தந்த பரிசு. அவருடைய இயந்திரமோ காலால் மிதித்து ஓட்டுவது. கடைக்குள் ஆளுயரக் கண்ணாடியின் முன் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, பொத்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதுமாய்க் கைவேலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இடது காலால மிதிக்கலாமே" என்று தங்கை ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"மிதிச்சுப் பார்த்தேனே. நேர்த்தையல் போட்டா அது ஊர் சுத்திட்டு வருது. அந்தச் சட்டையை வாங்கினவரு ஒரு தோளைத் தூக்கிக்கிட்டே நடக்கிறாரு."

சிரிப்புக்குப் பின்னால் ஒரு கெடு இருந்தது. அறுவை மருத்துவர் அம்மையார் வார்த்தையை மெல்லுபவர் அல்லர்.

"மூணு மாசம் பார்ப்போம். அதுக்குள்ள புண்ணு மூட ஆரம்பிக்கலைன்னா எலும்பைத் தொட்டுடும். அப்புறம் பாதத்தை எடுக்கணும். இதைவிட இனிப்பா எனக்குச் சொல்லத் தெரியாது. அதோட இவருக்கு இனிப்பும் ஆகாது" என்றார். பிறகு படலக்காரரை நோக்கி, "உங்க படலத்தைப் போடுறதுக்கு எங்க மருத்துவமனைக் குழு சம்மதிச்சாச்சு. உங்க மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டாச்சு. அந்தச் சான்றாயத்துலேருந்து ஒரு தாள் வரணும், அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான் என்ற சொல்லுக்கு எத்துணை நீளம் என்பதைப் படலக்காரர் அன்று அறிந்திலர்.

சான்றாயத்தின் விண்ணப்பம் பதினான்கு பக்கம். மருத்துவமனைக் கட்டில்களுக்கு வண்ணம் பூசுவதை மேற்பார்க்க ஒரு காலத்தில் தொடங்கப்பட்ட அலுவலகம் அது. கட்டிலில் தொடங்கிய அதிகாரம் கட்டிலில் கிடப்பவரின் உடம்புவரை வளர்ந்துவிட்டது. விண்ணப்பம் மட்டும் வளரவில்லை.

"நிறம்னு கேட்டிருக்கு. நீங்க கோடு போட்டிருக்கீங்க" என்றார் பிரிவு எழுத்தர். இனிய முகம், பேனாவை மூடியோடு சேர்த்தே பிடித்துக்கொண்டிருப்பவர்.

"அது பூச்சு இல்லீங்க. மேல இருக்கிற மூலக்கூறு மட்டும் மாறியிருக்கு."

"மாறினது தெரியுமா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க."

"கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணால பார்த்து நாங்க சான்று கொடுக்கணும். சரி, வெள்ளைன்னு எழுதுங்க."

"வெள்ளை இல்லீங்களே, கண்ணாடி மாதிரி..."

"எழுதுங்க சார். வெள்ளைன்னா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. போன வருஷம் வந்த ரத்தக்குழாய், எலும்புத் திருகாணி, கண்ணுக்குள்ள வைக்கிற வில்லை எல்லாமே வெள்ளைதான். ஒருத்தர் நேர்மையா 'ஒளி ஊடுருவும்'னு எழுதினாரு. இன்னும் வந்து போயிட்டிருக்காரு. அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்காரு பாருங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் ஆமென்று தலையசைத்தார். படலக்காரர் வெள்ளை என்று எழுதினார்.

எழுத்தர் மாதிரியை வாங்கிப் பச்சை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"முப்பது நாள் கழிச்சு வாங்க. மாதிரிக்கு ஓய்வுக்காலம்."

"எதுக்குங்க ஓய்வு?"

"பெயிண்ட் வாடை போகணும்ல?"

ஒன்பது நாளில் மறையும் பண்பை முப்பது நாள் கழித்துச் சோதிப்பது, பூவைப் பறித்துவைத்துச் சருகான பிறகு மணம் பார்ப்பதை ஒக்கும் என்று படலக்காரர் எடுத்துரைத்தார். எழுத்தர் பொறுமையாகக் கேட்டார். உவமை நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார். விதி முப்பது என்றார்.

முப்பத்தோராம் நாள் ஐவர் குழு கூடிற்று. சொட்டு விட்டார்கள். நீர் உருண்டு திரண்டு, குழுவினரின் முகங்களைத் தன்னுள் தலைகீழாய்க் காட்டி நின்றது. 'மேற்பரப்பு மாற்றப்பட்டதாகத் தெரியவில்லை' என்று எழுதினார்கள். நிராகரிப்பு முத்திரையை மாதிரியின்மேலேயே குத்துவது அங்கே வழக்கம். குத்தினார்கள். மையும் உருண்டு திரண்டு விளிம்பில் வழிந்து தலைவரின் மேசைவிரிப்பில் இறங்கிற்று. மறுபடி குத்தினார்கள், மறுபடி வழிந்தது. மாதிரி தோற்றதைக் காட்டிலும் இது தலைவரின் நெஞ்சில் தைத்தது.

"எவ்வளவோ பொருளை நிராகரிச்சிருக்கேன். நிராகரிப்பையே நிராகரிச்ச பொருளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குப் படலக்காரர்க்குக் காட்சி கிடைத்தது. ஓய்வுக்காலத்தை ஒன்பது நாளுக்குள் குறைக்க வேண்டும் என்ற மனுவைத் தலைவர் படிக்காமலே ஓரமாக வைத்தார். வைத்துவிட்டு அருளுரை வழங்கினார்.

"இந்த மேற்பரப்பு மாற்றம்கிறது ஏதோ உங்க கண்டுபிடிப்புன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. நான் இங்க வந்து பத்தொன்பது வருஷம். இந்தக் கட்டடத்துக்கு நாலு தடவை பெயர்ப்பலகை மாத்தியிருக்கோம். வாரியம்னு இருந்தோம், ஆணையம்னு ஆனோம், அப்புறம் மையம், இப்ப சான்றாயம். நாலு தடவையும் உள்ள ஒரு நாற்காலி நகரலை. உள்ள எதையும் தொடாம வெளிய மட்டும் மாத்துறதுதான் உங்க கலைன்னா, அதுல நாங்கதான் குரு. எங்க மாற்றம் உங்களது மாதிரி பத்தாம் நாள் ஓடிப்போகாது. நிதானம் வேணும். அவசரம் யாருக்குங்க?"

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்குங்க. கால் போயிடும்."

தலைவர் உண்மையாகவே வருந்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இன்னைக்கே புது மாதிரியைக் கொடுத்துடுங்க. முப்பது நாளை இன்னைக்கே தொடங்கிடலாம். உங்களுக்காக ஒரு நாள்கூடத் தாமதிக்க மாட்டேன்."

அந்தத் துயரக்கதையைக் கதவோரம் நின்று கேட்ட எழுத்தர்க்கும் மனம் இளகிற்று. "கவலைப்படாதீங்க சார். இந்த முறை உங்க மாதிரியை என் குழந்தை மாதிரி பார்த்துக்கிறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். முப்பத்தோராம் நாள் அலமாரியைத் திறந்தால், ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தது. படலம் இல்லை.

"தண்ணின்னா அதுக்கு உசுருன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் தண்ணியிலயே போட்டு வச்சேன். தினமும் காலையில சன்னல் பக்கம் வெயில்லகூட வச்சேன் சார்."

"அது தண்ணியில நாளாக நாளாகக் கரையிற படலங்க. கரையிறதுதான் அதோட குணம்" என்றார் படலக்காரர்.

தலைவர் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சான்று கேட்டு வந்த பொருள் சான்று வாங்காமலே போயிடுச்சு. பத்தொன்பது வருஷத்துல என்கிட்ட வந்த ஒண்ணும் இப்படி முடிவு தெரியிறதுக்குள்ள எழுந்து போனதில்லை. காத்திருந்து மட்கினது உண்டு. அது வேற." 'மாதிரி தலைமறைவானது குறித்து விளக்கம் கோரல்' என்று மறுநாள் படலக்காரர்க்கு ஒரு கடிதம் வந்தது. கிண்ணத்துத் தண்ணீர் சான்றுப்பொருளாகப் பூட்டி வைக்கப்பட்டது.

கெடுவில் இருபத்தாறு நாள் மிஞ்சியிருந்தது. படலக்காரர் நேரே தையற்கடைக்குப் போய், அளவுநாடா தொங்கும் ஆணியின் கீழ் உட்கார்ந்தார். தங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

"என்ன மச்சான், உங்க பிள்ளை மறுபடியும் ஃபெயிலா?" என்றார் தையற்காரர்.

"பரீட்சைக்கே வரலை மாப்பிள்ளை. கரைஞ்சுபோச்சு."

தையற்காரர் மடியில் கிடந்த வழவழப்பான துணியில் சுண்ணக்கட்டியால் கோடிழுக்கப் பார்த்தார். கோடு விழவில்லை. துணியைச் சுருட்டி ஓரமாக எறிந்தார்.

"நல்ல துணிதானே? ஏன் எறியிறீங்க?" என்றார் படலக்காரர்.

"எவ்வளவு நல்ல துணியா இருந்தா எனக்கென்ன? என் கோட்டை ஏத்துக்காத துணியை நான் எப்படி வெட்டுறது? துணியோட தரமெல்லாம் உடுத்துறவங்களுக்கு மச்சான். எனக்குக் கோடு விழணும்."

படலக்காரர் வாயருகே கொண்டுபோன குவளையைக் கீழே வைத்தார். இரண்டு மாதமாக அவர் நீர்ச்சொட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். நீர் படர்ந்தால் நான்காம் மாடிக்கு என்ன, படராவிட்டால் என்ன? அங்கே ஒட்ட வேண்டியது வேறு.

அன்று மாலையே அறுவை மருத்துவரைப் பார்த்துப் பேசினார். அம்மையார் முதலில் முடியாதென்றார், பிறகு சிரித்தார், கடைசியில், "மருந்து மாத்திரை மேல எழுத்து அச்சிடுறாங்களே, அந்த மையா இருந்தா பரவாயில்லை. மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

வியாழக்கிழமை பதினொன்றாவதற்கு இரண்டு நிமிடம் இருக்கையிலேயே படலக்காரர் நான்காம் மாடியில் நின்றார். கையில், மருத்துவர் சொன்ன மை ஊறிய புது மைத்திண்டு ஒன்று. தட்டில் இரண்டு படலங்கள்.

"நான் சான்று கேட்டு வரலீங்க" என்றார். "உங்க முத்திரைக்கு நடந்த அவமரியாதைக்குப் பரிகாரம் தேடி வந்திருக்கேன்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தொன்பது ஆண்டில் அப்படி ஒரு மனு அவரிடம் வந்ததில்லை.

"இது மாத்தாத படலம். இதுல குத்துங்க."

குத்தினார். மை சிறுசிறு மணியாய்ச் சுருண்டு வழிந்தது. தலைவரின் முகமும் அவ்வாறே ஆயிற்று.

"இது காலையில மாத்தினது. இதுல குத்துங்க."

குத்தினார். வட்டம் வட்டமாகவே நின்றது. உள்ளே 'மேற்பரப்புச் சான்றாயம், சரிபார்க்கப்பட்டது' என்ற எழுத்துகள் ஒரு புள்ளியும் சிதையாமல் பளிச்சென்று விளங்கின. தலைவர் ஊதிப் பார்த்தார். விரலால் தேய்த்துப் பார்த்தார். ஐவர் குழுவும் வரிசையாய் நின்று தேய்த்துப் பார்த்தது. முத்திரை அசையவில்லை.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார் தலைவர், குரல் தழுதழுக்க. "தண்ணி ஒட்டும், தண்ணி ஒட்டும்னு ரெண்டு மாசமா எங்களை அலைய விட்டுட்டீங்களே! தண்ணி எங்க வேணும்னாலும் ஒட்டும் சார். முத்திரை ஒட்டணும். தாளுலயே சில நேரம் மங்கலா விழுது. இந்த மாதிரி ஒரு மேற்பரப்பு... எழுதுங்கய்யா. ஓய்வுக்காலம் தேவையில்லை. முத்திரையை ஏத்துக்கிட்ட பொருள் ஏற்கெனவே பக்குவப்பட்டுடுச்சு."

பதினேழு நிமிடத்தில் சான்று தட்டச்சாயிற்று. நிறம் வெள்ளை என்றிருந்தது. கீழே ஒரு நிபந்தனை: நோயாளிக்கு வைக்கும் ஒவ்வொரு படலமும், மாற்றப்பட்ட பக்கத்தில், சான்றாயத்தின் முத்திரையைத் தாங்கியிருத்தல் வேண்டும்.

முத்திரை அதன் காவலர் இன்றி வெளியே போகலாகாது என்பது விதி. ஆகவே அறுவை அரங்கின் வாயிலுக்கு எழுத்தரும் வந்தார். மருத்துவர் அம்மையார் முத்திரையை நீராவிக் கலத்தில் இருபது நிமிடம் அவிய விட்டார். எழுத்தரைக் குழாயடியில் நிறுத்தி முழங்கைவரை சோப்புப் போட வைத்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"அஞ்சு நிமிஷம் ஆகணும்."

"எங்க ஆபீஸ்ல முகம் கழுவவே இவ்வளவு நேரம் ஆகாதுங்க."

"அது தெரியுது. இன்னொரு தடவை போடுங்க."

முகமூடியும் தொப்பியுமாய் எழுத்தர் தட்டின்மேல் குனிந்தார், மூச்சை அடக்கினார், புதிதாய் மாற்றி நுண்ணுயிர் நீக்கிக் கொணர்ந்த படலத்தின்மேல் ஒரே குத்தாய்க் குத்தினார். படுக்கையில் கிடந்த தையற்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"சார், நேரா விழுந்துச்சா? கோணலா இருந்தா பிரிச்சுத் தைக்க முடியாது."

படலம் முத்திரைப்பக்கம் புண்ணை நோக்கக் கவிழ்த்துப் போர்த்தப்பட்டது.

கெடு முடியும் நாளில் புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. கத்தி என்ற சொல்லை அம்மையார் அதன்பின் எடுக்கவில்லை. ஏழாம் வாரம் கட்டைப் பிரித்தபோது படலம் கரைந்து போயிருந்தது. அதனிடத்தில் குழந்தையின் கன்னம்போன்ற இளந்தோல். அந்தத் தோலின் நடுவே வட்டமாய், நீலமாய், அச்சுப் பிசகாமல் முத்திரை.

"மை இருந்த இடத்துல மட்டும் தோல் நாலு நாள் தாமதமா வந்துச்சு" என்றார் அம்மையார். "மத்தபடி முழு குணம். இனி மிதிக்கலாம். மெதுவா."

தங்கை கணவனின் பாதத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே குனிந்து பார்த்து, "என்னங்க எழுதியிருக்கு? எழுத்தெல்லாம் திரும்பியிருக்கே" என்றாள்.

கடைக்கு வந்ததும் தையற்காரர் ஆளுயரக் கண்ணாடியின் முன் உட்கார்ந்து உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடியில் எழுத்து நேராயிற்று. நிறுத்தி நிதானமாய்ப் படித்தார்.

"சரிபார்க்கப்பட்டது. பார்த்தியா? கல்யாணமாகிப் பதினாறு வருஷமா நீ சரியில்லை சரியில்லைன்னு சொன்னியே. அரசாங்கமே சொல்லிடுச்சு."

"காலைத்தானே சொல்லியிருக்கு" என்றாள் தங்கை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

செய்தி நான்காம் மாடிக்கும் எட்டிற்று. பொருள் மறைந்த பின்னும் முத்திரை மறையவில்லை என்று கேட்ட தலைவர், அதனைச் சான்றாயத்தின் மாபெரும் வெற்றியெனக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னாராம். அடுத்த வாரமே கடிதம் வந்தது. படலக்காரர் அதைக் கடையில் உரக்கப் படித்தார்.

'சான்றாயத்தின் முத்திரையைத் தாங்கிய மேற்பரப்பு எதுவாயினும் அது சான்றாயத்தின் ஆய்வுக்கு உட்பட்டதாகும். எனவே, தங்கள் வசமுள்ள வலது உள்ளங்காலை இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் நான்காம் மாடியில் ஒப்படைத்து, முப்பது நாள் ஓய்வுக்கு உட்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. மாதிரியின் நிறத்தையும் குறிப்பிடவும்.'

"என்ன பதில் எழுதட்டும் மாப்பிள்ளை?"

தையற்காரர் இயந்திரத்தின் ஊசியில் நூலைக் கோத்தார். முன்பு ஓரமாய் எறிந்த அந்த வழவழப்புத் துணியை எடுத்து ஊசியின் கீழே விரித்தார். சுண்ணக்கட்டி ஒட்டாத அதில் குண்டூசி குத்தியே கோடு குறித்திருந்தார்.

"நிறம் வெள்ளைன்னு எழுதுங்க மச்சான். ஓய்வு பதினொரு மாசம் எடுத்தாச்சுன்னும் எழுதுங்க."

சொல்லிவிட்டு, சரிபார்க்கப்பட்ட காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.